சென்னைமாநகரின் புத்தகச் செல்வம்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியத்தைப் பற்றிச் சில சொல்லுமாறு காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தனர். இலக்கியமென்றவுடன் பழம்பாடல் நான்கினை எடுத்துக்கொண்டு பொருள் விரித்து அமர்ந்துவிடுதல் எம்போன்ற தமிழாசிரியர்க்கு எளிது, கேட்போர்க்கும் பழகியது. இம்முறை அதனை யாம் செய்யப்போவதில்லை. நூலினுள் இருக்கும் பொருளை விடுத்து, நூல் என்னும் பண்டத்தையே, தாளும் மையும் தையலும் அட்டையுமாக நம் கையில் இருக்கும் அதனையே, பற்றிப் பேச விரும்புகின்றோம். நாம் வாழும் இச்சென்னையில் அஃது எங்ஙனம் பிறந்தது, எவர் கையில் வளர்ந்தது, எவ்வாறு அழிகின்றது, எவரால் பிழைத்திருக்கின்றது என்பனவே இன்றைய பேச்சு. நம் சங்கக் கட்டிடத்து மாடியறையிற் பூட்டிக்கிடக்கும் இரண்டு அலமாரிகளும் இப்பொருளில் அடங்கும். அவற்றைக் கடைசியிற் சொல்லுவோம். அதற்குமுன் அன்பர்கள் எழுந்துபோக வேண்டாவெனக் கேட்டுக்கொள்கின்றோம்.

சென்னைக்கு அச்சுப்பொறி வந்த வரலாறு வியப்புடையது. 1761-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது, பிரெஞ்சுக்காரருடைய அச்சுப்பொறியொன்று கொள்ளைப்பொருளாக அவர் கைப்பட்டது. அதனை வேப்பேரியிலிருந்த பெப்ரீசியஸ் என்னும் செர்மானியப் பாதிரியாரிடம், கும்பெனியாருடைய வேலையை முதலிற் செய்துதர வேண்டுமென்னும் ஏற்பாட்டோடு ஒப்புவித்தனர். போரிலே கைப்பற்றிய பொறியைக் கொண்டு தொடங்கிய வேப்பேரி அச்சகம், 1779-இல் அப்பாதிரியாருடைய தமிழ் ஆங்கில அகராதியை வெளியிட்டது. 1812-இல் திருக்குறள் மூலமும் நாலடியார் மூலமும் ஒருங்கே சென்னையில் அச்சேறின. ஓலையில் எழுதி ஓலையிற் படித்துவந்த திருக்குறள் தாளேறியது அதுவே முதன்முறை. கோட்டைக் கல்லூரியென்று வழங்கிய கல்விச்சாலை, எல்லிஸ் துரை முதலானோர் முயற்சியால் ஏற்பட்டதும் அவ்வாண்டிலேயே. பின்னர் 1835-இல் மெட்காப் என்பார் அச்சுக்கூடங்கள்மீது இருந்த கட்டுப்பாடுகளை நீக்க, தங்கசாலைத் தெருவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நம்மவர் அச்சுக்கூடங்கள் பெருகலாயின. யாழ்ப்பாணத்து நல்லூரிலிருந்து ஆறுமுக நாவலர் 1849-இல் அச்சுப்பொறி வாங்குதற்பொருட்டு வந்ததும் இந்நகருக்கே. பிற்காலத்தில் அவர் தங்கசாலைத் தெருவிலேயே அச்சுக்கூடம் நடத்தினார். பிழையற்ற பதிப்பிற்கு நாவலர் பதிப்பென்று பெயர் நின்றது.

இவ்வளவும் பாடபுத்தகங்களில் உள்ளன. அவற்றில் இல்லாததொன்றை இனிச் சற்று விரித்துச் சொல்லல் வேண்டும். ஒரு நூலை அந்நாளில் அச்சிடுவதெனின் என்ன பாடு? உ. வே. சாமிநாதையரவர்கள் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்துகொண்டு சீவக சிந்தாமணியை 1887-இல் வெளியிட்டார்கள். பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் தேடிக் கொணர்தல் முதல் வேலை. அவை ஒன்றோடொன்று ஒவ்வா. ஒன்றிற் பாட்டிருக்கும், உரையிராது. மற்றொன்றிற் பாதி ஓலை செல்லரித்துப் போயிருக்கும். ஒருவர் படிக்க ஒருவர் ஒத்துப்பார்த்துப் பாடபேதம் குறித்துக்கொள்ளல் அடுத்த வேலை. அச்சுக்கூடம் சென்னையில் இருந்தமையால், விடுமுறைதோறும் இங்கு வந்து தங்கி, புரூப் திருத்தி, பாரம் பாரமாக அச்சிடுவித்தல் மூன்றாவது. இவையெல்லாவற்றினும் கடியது ஒன்றுண்டு. அது பணம். தமிழாசிரியர் சம்பளத்தில் நூறு பாரங்களுக்குத் தாள் வாங்குதல் ஆகாதென்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை.

ஆதலால் நம் முன்னோர் கையொப்பம் என்றொரு முறையைக் கைக்கொண்டனர். நூல் வெளிவருமுன்பே, ‘இன்ன நூல் அச்சாகின்றது, இன்ன விலை, எனக்கு இத்தனை பிரதி வேண்டும்’ என்று எழுதிக் கையொப்பமிடுவோரைத் திரட்டுவதே அம்முறை. நூலாசிரியரும் பதிப்பாசிரியரும் வீடுவீடாகப் படியேறினர். செல்வர் சிலர் பத்துப் பிரதிக்கு இட்டனர். பள்ளி உபாத்தியாயரும் கச்சேரிக் குமாஸ்தாவும் ஒன்றுக்கு இட்டனர். சில நூல்களின் இறுதியிற் கையொப்பஞ் செய்தோர் பெயர் ஊரோடும் தொழிலோடும் அச்சிடப்பெற்றிருக்கும். மாடியறை அலமாரியில் அத்தகைய பழம்பதிப்பொன்றை யாம் கண்டோம். அதன் கடைசி நான்கு பக்கங்களில் நம் சமூகத்துப் பெரியோர் மூவர் பெயருள்ளன. அம்மூவருக்கு மேலும் கீழுமாக எத்தனையோ சமூகத்தார் பெயர்களும் உள்ளன. முகம்மதிய வணிகர் ஒருவரும், கிறித்தவ ஆசிரியர் ஒருவரும் அவ்வரிசையில் இருக்கின்றனர். ஒரு தமிழ்நூல் வெளிவர அத்தனை பேரும் காசு கொடுத்திருக்கின்றனர். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம், பின்னர்த் தேவைப்படும்.

பண்டிதர் நூல்கள் இவ்வாறு வெளிவர, மற்றொரு பக்கத்தே குஜிலிக்கடைப் பாட்டுப் புத்தகங்கள் ஆயிரக்கணக்கிற் பெருகின. பழுப்பேறிய மட்டத் தாளில் எட்டுப் பக்கம். காலணா, அரையணா விலை. கொலைச் சிந்து, இரயில் பாட்டு, வெள்ளச் சிந்து என்று நாட்டில் எது நிகழினும் சில நாட்களிற் பாட்டாகித் தெருமுனையில் விற்கப்படும். எம்மினத்தாராகிய தமிழ்ப்பண்டிதர் அவற்றை ஏறிட்டும் பாரார். யாம் அவற்றின் யாப்பை மெச்சவில்லை. ஆயினும் அந்நாளிற் சென்னைவாசிகள் எதற்கு அஞ்சினர், எதற்குச் சிரித்தனர், விலைவாசியை எப்படி ஏசினர் என்றறிய வேண்டுவோர்க்கு இன்று அப்புத்தகங்களை விடச் சான்று வேறில்லை. மதிப்பார் இல்லாமையாற் சேர்த்துவைப்பாரும் அரியராயினர். அச்சிட்டவற்றுள் எஞ்சியவை சிலவே.

இனிப் புத்தகத்தின் முதுமைக்கு வருவோம். வாங்கியவர் காலஞ்சென்ற பின்னர் அவர் நூல்கள் எங்கே போகின்றன? சென்னையில் இக்கேள்விக்கு நெடுங்காலம் ஒரே விடை இருந்தது, மூர் மார்க்கெட்டு. சென்ட்ரல் இரயில் நிலையத்தை அடுத்துச் செங்கல்லாற் கட்டப்பெற்று 1900-இல் திறக்கப்பெற்ற அச்சந்தையிற் பறவையும் விற்றனர், பழைய கடிகாரமும் விற்றனர்; அவற்றினிடையே பழம்புத்தகக் கடைகளும் இருந்தன. மயிலாப்பூர் வக்கீல் வீட்டுச் சட்டநூலும், சூளை மருத்துவர் வீட்டு வாகடமும், திருவல்லிக்கேணி ஆசிரியர் வீட்டு இலக்கணமும் அங்கே ஒரே குவியலிற் கிடக்கும். கடைக்காரர்க்கு எழுதப்படிக்கத் தெரியாதெனினும் எந்நூல் எத்தனை அரியது என்பது தெரியும். வந்தவர் கண்ணில் ஒளி தோன்றுவதைப் பார்த்தே விலை சொல்லுவர் என்பர் பழகியோர். ஆதலின் அங்குச் செல்லும் புலவர், வேண்டிய நூலைப் புறத்தே வைத்துவிட்டு வேண்டாத நூலுக்கு விலைபேசத் தொடங்குவராம்! கல்லூரிக்குக் கட்டணம் செலுத்த வழியில்லாத பிள்ளைகள் பலர் அங்கே நின்றபடியே படித்துத் தேறினர். 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்மூர் மார்க்கெட்டு தீக்கிரையாயிற்று. அவ்விடம் இரயில்வேக்குச் சென்றது. கடைக்காரர் அருகிலுள்ள அல்லிக்குளம் வணிக வளாகத்திற்கு மாறினர். திருவல்லிக்கேணியில், பைகிராப்ட்ஸ் சாலையென்று முன்னர் வழங்கிய பாரதி சாலை நடைபாதையிலும் பழம்புத்தக வாணிகம் தொடர்ந்தது. ஆயினும் அத்தனை கடைகள் ஓரிடத்தே கூடிய காட்சி திரும்பவில்லை.

தீ ஒருநாள் எரித்தது. நாடோறும் எரியாமல் எரிப்பது தராசு. பெரியவர் காலமாகிப் பதினாறாம் நாட் காரியம் முடிந்ததும், பங்கு பிரிக்குமுன் வீட்டை ஒழிக்கின்றோம். பித்தளைப் பாத்திரத்திற்கு மூவர் போட்டியிடுவர். பட்டுப் புடைவைக்கு ஐவர். புத்தகத்திற்கு எவரும் இலர். பழம்பேப்பர்காரரை அழைத்து நிறுக்கின்றோம். கெட்டியட்டை இருந்தால் எடை கூடுமென்று பிள்ளைகள் மகிழ்கின்றனர். அட்டையைக் கிழித்துவிட்டே நிறுப்பேன் என்று அவர் வாதிடுகின்றார். இது மிகைக்கூற்றன்று, கூட்டத்தில் இருப்போர் பலர் கண்டதே. பெரியவருடைய கையெழுத்துக் குறிப்புக்கள், அவர் பாட்டனார் எழுதிய நாட்குறிப்பு, பிறந்த ஊர்க் கோயிற்கணக்கு, எல்லாம் அத்தராசில் ஏறுகின்றன. பழைய புத்தகக் கடைக்காவது சென்றாற் பிழைக்கும்; கூழாலைக்குச் சென்றால் அவ்வளவுதான்.

தப்பியவை எவ்வாறு தப்பின என்று பார்த்தால், ஒவ்வொன்றின் பின்னும் தனி மனிதர் ஒருவர் நிற்கின்றார். ஐயரவர்கள் 1942-இல் மறைந்தார்கள். அடுத்த ஆண்டே, 1943-இல், அவர்கள் பெயரால் அடையாற்றில் நூல்நிலையம் நிறுவப்பெற்று, அவர்கள் தேடிய ஏடுகளும் நூல்களும் அதிற் சேர்ந்தன. அந்நூல்நிலையம் பின்னர்ப் பெசன்ட் நகருக்கு இடம்பெயர்ந்தது. திருவல்லிக்கேணியில் அவர்கள் வாழ்ந்த இல்லமோ 2012-இல் இடிக்கப்பட்டுவிட்டது. ஓலை நின்றது, சுவர் நிற்கவில்லை. மறைமலையடிகள் பல்லாவரத்தில் மணிமொழி நூல்நிலையம் என்று பெயரிட்டு நாலாயிரம் அளவிலான நூல்களைக் கண்போற் காத்தார். 1950-இல் அவர் மறைந்தபின் அவை சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் முயற்சியால், 1958-இல் இலிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையமாகத் திறக்கப்பெற்றன. நாளடைவில் அது கன்னிமரா நூலகக் கட்டிடத்திற்கு மாற்றப்பெற்றது.

இவ்விருவரும் பெரும்புலவர். மூன்றாமவர் புலவரல்லர், ஆதலாலேயே அவரை யாம் பெரிதும் வியக்கின்றோம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா அவர்கள் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூல், பத்திரிகை மட்டுமன்றி நாடக விளம்பரம், பாட்டுப் புத்தகம், துண்டறிக்கை, அழைப்பிதழ் எனப் பிறர் எறிவனவற்றையெல்லாம் சேர்த்தார். ஏறத்தாழ 1,00,000 என்று கணக்கிடப்பெறும் அத்தொகுப்பு, 1992-இல் அவர் மறைந்தபின் சிதறிப்போகாமல், 1994-இல் அமெரிக்க நாட்டுச் சிக்காகோ பல்கலைக்கழகத்தாரால் வாங்கப்பெற்றது. அவர்கள் அதனைக் கப்பலேற்றிக் கொண்டுபோகாமற் சென்னையிலேயே வைத்தமை நாம் நன்றியோடு எண்ணத்தக்கது. முதலில் முகப்பேரிலும், பின்னர்த் தரமணியிலும் அமைந்த அவ்வாராய்ச்சி நூலகத்தில் அந்நூல்கள் பட்டியலிடப்பெற்றும் படமெடுக்கப்பெற்றும் வருகின்றன. வேண்டாதது எதுவென்று முடிவுகட்டாத ஒருவர் கோட்டையூரில் இருந்தமையால் அவை பிழைத்தன.

அரசினர் நூலகங்களைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. எழும்பூரிற் கன்னிமரா நூலகம் 1896-இல் திறக்கப்பெற்றது. 1954-இல் இயற்றப்பெற்ற சட்டத்தால் இந்தியாவில் அச்சாகும் நூல்களிற் பிரதியொன்று பெறும் நான்கு நூலகங்களுள் அஃதும் ஒன்று. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924-இல் அமர்ந்த அரங்கநாதனவர்கள் அதற்கு முன்னர்க் கணக்காசிரியர். அவரும் அவரோடொத்தோரும் இருபதாண்டு வாதாடியதன் பயனாக 1948-இல் சென்னை மாகாணத்துப் பொதுநூலகச் சட்டம் பிறந்தது. இந்தியாவிற் பொதுநூலகச் சட்டங்களுள் முன்னோடி அது. அச்சட்டத்தால் நாம் வீட்டுவரி செலுத்துங்காலத்து நூலக வரியும் செலுத்துகின்றோம். வரி கொடுத்துவிட்டுப் படிக்கப் போகாதிருப்பது, சத்திரத்திற்குப் பணங்கட்டிவிட்டுப் பட்டினி கிடப்பதனை ஒக்கும். கோட்டூர்புரத்தில் 2010-ஆம் ஆண்டு செப்டம்பரில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தனர். மறு ஆண்டே அதனைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றுவதாக அறிவிப்பு வந்தபோது, படிப்போர் நீதிமன்றத்தை நாடினர், உயர்நீதிமன்றம் தடைவிதித்தது, நூலகம் நூலகமாகவே நின்றது. அதன் அரசியல் நம் சங்கத்திற்கு வேண்டாதது. புத்தகத்திற்காக வழக்காடுவோர் இந்நகரில் இருக்கின்றனர் என்பது நமக்கு வேண்டும்.

தை மாதத்தை ஒட்டி நிகழும் புத்தகக் காட்சிக்கு நீங்களெல்லாரும் போவதுண்டு. 1977-இல் அண்ணா சாலைப் பள்ளியொன்றில் 22 கடைகளோடு தொடங்கிய அது, அண்மை ஆண்டுகளில் 900 கடைகள் அளவிற்கு வளர்ந்தது. அங்கே பஜ்ஜிக்கடையிற் கூட்டம் மிகுதியென்று ஏளனம் செய்வாருண்டு. யாம் அவரோடு சேரோம். பஜ்ஜி தின்ன வந்த குழந்தை ஒரு படக்கதைப் புத்தகத்தோடு வீடு திரும்புமாயின் அது வரவே. ஆனால் நூல்வெளியீட்டுக் கூட்டங்களைப் பற்றி எமக்குக் குறையுண்டு. அண்ணா சாலைத் தேவநேயப் பாவாணர் நூலக மன்றத்திற்குப் பன்முறை போயிருக்கின்றோம். மேடையில் எண்மர், கீழே முப்பதின்மர். முப்பதின்மருள் பெரும்பாலார் தாமும் எழுதுவோர். நூலைப் படியாமலே புகழ்வோர் ஒருபுறம். படியாமலே இகழ்வோர் மறுபுறம். 1959 முதல் 1970 வரை ‘எழுத்து’ என்னும் பத்திரிகையைத் திருவல்லிக்கேணியிலிருந்து நடத்திய சி. சு. செல்லப்பா, தாம் வெளியிட்ட நூல்களைத் தாமே மூட்டையாகச் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். அவருக்குப் பொன்னாடை போர்த்த அந்நாளில் எவரும் வரவில்லை, வாங்கியவர் படித்தனர்.

இனி மாடியறை. அங்குள்ள அலமாரி இரண்டில் ஒன்று மரம், ஒன்று இரும்பு. சென்ற கோடைவிடுமுறையில் நிருவாகசபையின் அனுமதி பெற்று, எம்மிடம் பயிலும் மாணவர் இருவரோடு யாம் அவற்றைத் திறந்தோம். மரவலமாரியின் கீழ்த்தட்டு முழுதும் செல்லரித்துப் போயிற்று. அதிலிருந்தவை இன்னவென்று சொல்ல இயலவில்லை. மற்றத் தட்டுக்களில் 412 நூல்கள் உள்ளன. இரும்பலமாரியில் நமது சங்க மாசிகையின் பழைய இதழ்கள் உள்ளன. இடையிடையே ஆண்டுகள் விடுபட்டிருக்கின்றன. அவற்றைப் புரட்டியபோது, நம் சமூகத்துப் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பலாமா கூடாதா என்று ஐந்து இதழ்களில் நடந்த வாதத்தைப் படித்தோம். கூடாதென்று எழுதியவருடைய பேர்த்தி இன்று இக்கூட்டத்தில் மருத்துவராக அமர்ந்திருக்கின்றார்! எந்தப் பிள்ளைக்கு எவர் கொடுத்த உபகாரச் சம்பளம், எந்தக் கலியாணத்தில் வரதட்சிணை மறுக்கப்பட்டது, எந்தத் தீர்மானம் எத்தனை வாக்கில் தோற்றது எல்லாம் அங்கே இருக்கின்றன. வேறெங்கும் இல்லை.

அவ்வறையை ஒழித்துக் கலியாணப் பாத்திரங்களை வைக்கலாமென்றும், புத்தகங்களைக் கிலோ 15 ரூபாய்க்குக் கேட்கின்றனரென்றும் சபையிற் பேச்சு நடப்பதாக அறிந்தோம். பாத்திர வாடகை சங்கத்திற்கு வருமானம் என்பதை யாம் மறுக்கவில்லை. உபகாரச் சம்பளம் அவ்வருமானத்திலிருந்தே கொடுக்கப்படுகின்றது. எனவே அறை வேண்டுமென்போரைப் பகைத்துப் பேசாமல் ஒரு வழி சொல்லுகின்றோம். இரும்பலமாரியிலுள்ள இதழ்கள் முழுவதையும் தக்க ஆராய்ச்சி நூலகம் ஒன்றிற்குப் படமெடுக்கக் கொடுத்து, ஒரு படியை நாம் பெற்றுக்கொள்ளலாம். 412 நூல்களில் நம் பிள்ளைகள் படிக்கத்தக்கவற்றைக் கீழ்த்தளத்திற்கு இறக்கி, ஞாயிறுதோறும் மாலை 4 மணி முதல் 7 மணி வரை திறந்துவைக்கலாம். எஞ்சிய அரிய பதிப்புக்களைப் பொதுநூலகத்திற்கு அளிக்கலாம். அப்போது அறையும் ஒழியும்.

‘நம் முன்னோர் சேர்த்ததைப் பிறருக்கு ஏன் கொடுப்பது?’ என்று பெரியவர் ஒருவர் எம்மை வினவினார். அவர் வினவியது சமூகாபிமானத்தால்; அதனை யாம் மதிக்கின்றோம். ஆயின் அந்தப் பழம்பதிப்பின் கடைசி நான்கு பக்கங்களை அவருக்கு இக்கூட்டம் முடிந்தவுடன் காட்ட எண்ணியுள்ளோம். நம்மவர் மூவர் மட்டும் கையொப்பமிட்டிருந்தால் அந்நூல் அச்சேறியே இராது. அன்றியும், பூட்டிவைத்த நாற்பதாண்டில் அதனை நம்மவரே ஒருவரும் கேட்டதில்லை. கேட்டது செல் ஒன்றுதான்.

இதுபற்றிய தீர்மானம் அடுத்த பொதுக்கூட்டத்தில் வாக்கிற்கு வருகின்றது. அதுவரை விற்பனை நிகழாதென்று தலைவரவர்கள் சொல்லியிருக்கின்றனர். அவர்களுக்கு எம் வணக்கம். இதற்கிடையே உங்கள் வீட்டிலும் பெரியவர் விட்டுச்சென்ற நூலோ பழைய மாசிகையோ இருக்குமாயின், தராசுக்காரரை அழைக்குமுன் ஒரு தாளில் பெயரும் ஆண்டும் குறித்து எமக்கு அனுப்புங்கள். விடுபட்ட இதழ்களின் பட்டியலை வாயிற்பலகையில் ஒட்டியிருக்கின்றோம். வரும் ஞாயிறு காலை 9 மணிக்கு மாடியறையைத் துடைக்கப்போகின்றோம். திறவுகோல் காரியதரிசியவர்களிடம் உள்ளது; மாணவர் நால்வர் வந்தாற் போதும். உலர்ந்த துணியும் கொஞ்சம் வசம்பும் கொண்டுவாருங்கள்.